மருமக்கள் வழி ரத்தம்

பூதப்பாண்டியில் ஒரு கல்யாணப் பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த பெரியவர், பருப்புக்கும் பிரதமனுக்கும் இடைப்பட்ட நேரத்தில் ஒரு பெண்ணின் தலையெழுத்தை எழுதி முடித்துவிட்டார். வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்று எங்களை வரவேற்ற பெண்தான் அவள். இருபத்திரண்டு வயதிருக்கும். தம் மகனுக்கு அவளைக் கேட்கலாமா என்று அடுத்த இலைக்காரர் யோசனை கேட்டார். பெரியவர் குரலைக்கூடத் தணிக்கவில்லை.

"பிள்ளை தங்கம்தான்வே. ஆனா அந்த வீட்டு ரத்தம் சரியில்லை. மாமன் பல்லைப் பிடுங்கப் போயி ரத்தம் நிக்காமச் செத்தான். தம்பிக்காரன் முட்டு வீங்கி நொண்டுகான். வேண்டாம், விட்டிரும்."

விட்டுவிட்டார்கள். பிரதமன் வந்தது, பேச்சு நெல் விலைக்குத் திரும்பிவிட்டது.

அந்த வீடு எனக்குத் தெரிந்த வீடு. மறுநாள் போனேன். பையன் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். முழங்காலில் துணியில் சுற்றிய ஐஸ் கட்டி. அவனுக்கு என்ன மருந்து, எந்தெந்தத் தேதியில் போட்டது, அடுத்தது எப்போது என்றெல்லாம் அவன் தாயார் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார். எட்டு வருஷக் கணக்கு. இப்படி ஒரு கணக்குப் பிள்ளை எந்த ஆபீஸிலும் கிடைக்கமாட்டார். "உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது?" என்று கேட்டேன்.

"எனக்கு ஒரு சூக்கேடும் கெடையாது மக்களே. நான் கடத்தி விட்டவ, அவ்வளவுதான். ஆஸ்பத்திரியிலே அப்பிடித்தான் சொன்னாவ."

ஒரு சூக்கேடும் இல்லாத அந்த அம்மாள், பேச்சுவாக்கில் சொன்னவை இவை. வயதுக்கு வந்த நாள் முதல் மாதாமாதம் ஒன்பது நாள், பத்து நாள். அந்த நாட்களில் பஸ்ஸில் உட்காரப் பயந்து நின்றுகொண்டே நாகர்கோவில் வரை போவார். மகள் பிறந்தபோது எல்லாம் நன்றாக நடந்து வீட்டுக்கு வந்த ஒரு வாரத்தில் பாய் நனைந்து, மறுபடி தூக்கிக்கொண்டு ஓடினார்கள்; மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். கையில் எங்கே இடித்தாலும் நீலம் பாரிக்கும். "அது பெண்ணாப் பிறந்தா உள்ளதுதானே" என்று சொல்லிவிட்டு, பையனுக்கு ஐஸ் மாற்ற எழுந்து போனார்.

அந்த ஒரு வாசகத்தின் மேல்தான் எனக்குக் கோபம். பெண்ணாகப் பிறந்தால் உள்ளது என்று எத்தனை நோய்களை நாம் கணக்கிலிருந்து தள்ளியிருக்கிறோம்!

ஹீமோஃபீலியா என்பது ரத்தம் உறையாமல் ஒழுகும் பரம்பரைக் குறை. ரத்தம் உறைவதற்கு உடம்பில் வரிசையாகச் சில புரதங்கள் வேலை செய்கின்றன. எட்டாவது புரதம் குறைந்தால் ஹீமோஃபீலியா ஏ. ஒன்பதாவது குறைந்தால் பி. ஏறத்தாழ 5,000 ஆண் குழந்தைகளில் ஒன்றுக்கு முதல் வகை வருகிறது. இரண்டாவது இன்னும் அரிது. இந்தப் புரதங்களைச் செய்வதற்கான ஜீன், எக்ஸ் என்னும் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான்; அது பழுதானால் மாற்று இல்லை. பெண்ணுக்கு இரண்டு. ஒன்று பழுதானாலும் மற்றது கைகொடுக்கும். ஆகவே பெண்ணுக்கு நோய் வராது, அவள் பிள்ளைகளுக்குக் கொடுப்பாள், அவ்வளவுதான். பல காலம் பாடப் புத்தகம் இப்படிச் சொல்லி வந்தது. அந்த அம்மாளுக்கு ஆஸ்பத்திரியில் சொன்னதும் இதுதான்.

நாஞ்சில் நாட்டாருக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. மாமனுக்கு வந்தது மருமகனுக்கு வரும். நடுவில் நிற்பவள் சகோதரி. இந்த மண்ணில் வேளாளர் குடும்பங்களில் சொத்து இப்படித்தான் இறங்கியது. மாமன் சொத்து அவன் பெற்ற பிள்ளைக்கு அல்ல, அவன் உடன்பிறந்தாள் மகனுக்கு. மருமக்கள் வழி என்பது அதன் பெயர். தேரூர்க் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அந்த முறையின் அலங்கோலத்தை ஒரு மனைவியின் வாயால் சொல்லவைத்து 'மருமக்கள் வழி மான்மியம்' எழுதினார். நாடே சிரித்தது, சிரித்தவர்கள் கொஞ்சம் வெட்கப்பட்டார்கள். 1926-ல் திருவிதாங்கூர்ச் சட்டம் அந்த வழியை மாற்றியது.

சொத்தின் வழி மாறிவிட்டது. ரத்தத்தின் வழி எந்தச் சட்டத்துக்கும் கட்டுப்படாமல் இன்றும் மருமக்கள் வழியாகவே இறங்குகிறது. இதில் ஒரு ஒற்றுமையைக் கவனியுங்கள். அன்றைக்குச் சொத்து பெண் வழியாகத்தான் போயிற்று; ஆனால் சாவி காரணவர் இடுப்பில் இருந்தது. பெண் வெறும் வாய்க்கால். இன்றைக்கு நோயும் பெண் வழியாகப் போகிறது. ஆனால் வைத்தியமும் பதிவேடும் மருந்தும் ஆணுக்கு. பெண் அதே வாய்க்கால்.

நம் ஊரை மட்டும் குறை சொல்வானேன்? உலகம் முழுவதும் இதே கதைதான். யூதர்களின் தால்முத் நூலில் ஒரு விதி உண்டு. சுன்னத்துச் செய்து ஒரு தாயின் இரண்டு பிள்ளைகள் இறந்திருந்தால் மூன்றாவது பிள்ளைக்குச் செய்ய வேண்டாம் என்பது அது. சகோதரிகளின் பிள்ளைகள் இறந்த வழக்கும் அங்கே பேசப்படுகிறது. பெண் வழியாக வருகிறது என்று அவ்வளவு பழைய காலத்திலேயே கண்டுகொண்டார்கள். 1803-ல் அமெரிக்காவில் ஜான் ஓட்டோ என்ற வைத்தியர் சில குடும்பங்களை ஆராய்ந்து, ஆண்கள் ரத்தம் ஒழுகுகிறார்கள், பெண்கள் தாங்கள் நோயின்றி அதைக் கொடுக்கிறார்கள் என்று எழுதினார். விக்டோரியா மகாராணியின் மகன் லியோபோல்டு 1884-ல் விழுந்து அடிபட்டு, ரத்தக் கசிவால் இறந்தான். மகாராணியின் பேத்தி அலெக்சாண்டிரா ரஷ்யச் சக்கரவர்த்தினியானாள். 1904-ல் அவளுக்குப் பிறந்த ஒரே மகனுக்கும் அந்த நோய். ரஸ்புடீனை நம்பி ராஜ்யத்தைக் கெடுத்தாள் என்று சரித்திரக்காரர்கள் அவளைத் தூற்றாத நாள் இல்லை. தன் ரத்தம்தான் தன் பிள்ளையைக் கொல்கிறது என்று தெரிந்த ஒரு தாய், இரவில் எந்தச் சாமியாரின் காலைத்தான் பிடிக்கமாட்டாள்? இதைக் கேட்டவர்கள் குறைவு.

இனி விஞ்ஞானத்துக்கு வருவோம். 1961-ல் மேரி லயன் என்ற ஆங்கிலேயப் பெண் விஞ்ஞானி ஓர் உண்மையைச் சொன்னார். பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸ் இருந்தாலும் ஒன்றுதான் வேலை செய்கிறது. மற்றது சிறு வயதிலேயே, கருவிலேயே, தூங்கப் போய்விடுகிறது. எந்தச் செல்லில் எது தூங்கும் என்பது குருட்டு அதிர்ஷ்டம். மூன்று நிறப் பூனையைப் பார்த்திருப்பீர்கள். அது கிட்டத்தட்ட எப்போதும் பெண் பூனையாகவே இருக்கும். ஒரு திட்டில் ஓர் எக்ஸின் நிறம், அடுத்த திட்டில் மற்றதன் நிறம். பெண் உடம்பு அந்தப் பூனைத் தோல் போன்றது. நல்ல எக்ஸ் அதிகமாகத் தூங்கிவிட்டால், அந்தப் பெண்ணின் ரத்தத்திலும் உறைவுப் புரதம் குறையும்.

எவ்வளவு குறையும்? சாதாரண மனிதருக்கு இந்தப் புரதம் 50 முதல் 150 சதவீதம் வரை இருக்கலாம். 40-க்குக் கீழே போனால் ஆணுக்கு "ஹீமோஃபீலியா" என்று சீட்டு எழுதுகிறார்கள். பழுதான ஜீன் உள்ள பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அந்த 40-க்குக் கீழேதான் இருக்கிறது. அதே எண், அதே ரத்தம், அதே சோதனைக் குழாய். ஆணாக இருந்தால் நோயாளி. பெண்ணாக இருந்தால் "கடத்தி"! இந்த அநியாயத்தை ஒழிக்கச் சர்வதேச ரத்த உறைவு விஞ்ஞானிகள் சங்கம் 2021-ல் தீர்மானித்தது. 40-க்குக் கீழே உள்ள பெண்ணையும் ஹீமோஃபீலியா உள்ளவர் என்றே சொல்ல வேண்டும். அதற்கு மேலே இருந்தும் ரத்தக் கசிவு உள்ளவர்களைத் தனியாகக் குறிக்க வேண்டும் என்றது. இரண்டாவது வகையைக் கவனியுங்கள். எண் சரியாக இருந்தும் ஒழுகுகிற பெண்கள் உண்டு என்பதை விஞ்ஞானம் ஒப்புக்கொண்டுவிட்டது. நாம் ஒப்புக்கொள்ள இன்னும் எத்தனை வருஷம் வேண்டும்?

"கடத்தி" என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். மின்சாரத்தைக் கடத்துவது செம்புக் கம்பி. கம்பிக்கு வலி இல்லை. தங்கம் கடத்துகிறவன் குற்றவாளி. இந்தப் பெண்ணை ஒரே சொல்லால் நாம் உயிரற்ற கம்பியாகவும் குற்றவாளியாகவும் ஆக்கிவிட்டோம். கம்பி என்பதால் அவளுக்கு வைத்தியம் கிடையாது; குற்றவாளி என்பதால் அவளுக்கு மாப்பிள்ளை கிடையாது.

சட்டமாவது நியாயம் சொல்கிறதா? 2016-ஆம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் நல்ல சட்டம். இருபத்தொரு வகைக் குறைபாடுகளைச் சேர்த்தது; ஹீமோஃபீலியாவும் அதில் ஒன்று. ஆனால் அதன் அட்டவணையைப் புரட்டினால் விளக்கம் என்ன சொல்கிறது? பொதுவாக ஆண்களை மட்டும் பாதிப்பது, பெண்கள் தங்கள் ஆண் மக்களுக்குக் கொடுப்பது. ராஜ்யத்தின் சட்டப் புத்தகத்திலும் அவள் வாய்க்கால்தான்! பெண் மக்களுக்கும் அவள் கொடுக்கிறாள் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் மறந்தே போனார்கள்.

இதற்கு மறுப்பாக மூன்று வாதங்களை நான் கேட்டிருக்கிறேன்.

முதல் வாதம்: "ஆண் பிள்ளைகள் செத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கே மருந்து போதாதபோது பெண்களின் மாதாந்தர உபத்திரவத்தைப் பேசுவது ஆடம்பரம்." கடுமையான நோய் உள்ள பையனின் வேதனையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. மூட்டுக்குள் ரத்தம் இறங்கி அவன் அலறுவதை அந்தத் திண்ணையில் நான் கேட்டிருக்கிறேன். ஆனால் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் அவனுக்கு உறைவு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் கடுமையான ஹீமோஃபீலியா உள்ள ஐந்து பேருக்குப் புதிய ஜீனையே உடம்பில் ஏற்றி, அதன் பிறகு அவர்களுக்கு ரத்தக் கசிவு நின்றுவிட்டது என்று 2024 டிசம்பரில் உலகத்துக்கு அறிவித்தார்கள். நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி. ஜீனையே மாற்றத் தெரிந்த தேசத்தில், அந்தப் பையனின் தாய்க்கும் அக்காளுக்கும் ஒரு தடவை ரத்தம் எடுத்து உறைவுப் புரதத்தின் அளவைப் பார்ப்பது ஆடம்பரமா? பிரசவத்துக்குப் பின் மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றுவதைவிட அது மலிவு என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

இரண்டாம் வாதம்: "எந்தப் பெண்ணுக்குத்தான் சோகை இல்லை?" உண்மை. 2019–21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதனால்தான் இவள் மறைந்துபோகிறாள். காட்டில் ஒரு மரம்போல, சோகைக்காரர்களின் கூட்டத்தில் ரத்தம் உறையாதவள் ஒளிந்துகொள்கிறாள். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். ஓட்டைக் குடத்தில் எத்தனை நாள் தண்ணீர் ஊற்றுவது? பிரசவத்தில் இன்னொரு சூழ்ச்சி இருக்கிறது. கர்ப்ப காலத்தில் எட்டாவது புரதம் தானாகவே உயரும். ஆகவே பிரசவத்தன்று எல்லாம் சுபமாக முடியும். வீட்டுக்கு வந்த சில நாளில் அது பழைய அளவுக்கு இறங்கும். அப்போது வெள்ளம் வரும். ஒன்பதாவது புரதமோ உயர்வதே இல்லை. முன்கூட்டித் தெரிந்த வைத்தியர் தயாராக இருப்பார். ஆயுதம் போட்டுக் குழந்தையை இழுக்கவும் துணியமாட்டார். பிறப்பது நோயுள்ள ஆண் குழந்தையாக இருந்தால் அதன் தலைக்குள் ரத்தம் கசியக்கூடும். தெரியாத வைத்தியர் என்ன செய்வார்? பாவம், அவரும் பாய் நனைந்த பிறகுதான் ஓடி வருவார்.

மூன்றாம் வாதம்தான் பலமானது. அதைச் சொல்பவர்களும் நல்லவர்கள். "பெண்ணைப் பரிசோதித்து ஊருக்குத் தெரிந்தால் கல்யாணம் நடக்காது. தெரியாமல் இருப்பதே அவளுக்கு நல்லது." இதைத் தாய்மார்களே சொல்கிறார்கள். அவர்கள் பயம் பொய்யல்ல. பந்தியில் நான் என் காதால் கேட்டேனே. ஆனால் பாருங்கள், அந்தப் பெண்ணைப் பரிசோதிக்கவில்லை. இருந்தும் அவளைத் தள்ளிவிட்டார்கள்! பழுதான ஜீன் உள்ள தாயின் மகளுக்கு அது வந்திருக்கப் பாதி வாய்ப்பு; வராமல் இருக்கவும் அதே பாதி வாய்ப்பு. ஒருவேளை அவளிடம் எந்தப் பழுதும் இல்லாமலே இருக்கலாம். பரிசோதனை இல்லாதபடியால் ஊர் அவளுக்கு முழுத் தண்டனை கொடுத்துவிட்டது. அறியாமை அவளைக் காப்பாற்றவில்லை, வதந்தியைத்தான் காப்பாற்றியது.

வெளியில் மாப்பிள்ளை கிடைக்காத இடத்தில் நம்மவர்கள் செய்யும் ஏற்பாடு இன்னும் விபரீதம். "வெளியே போவானேன், முறைப் பையன் இருக்கிறானே" என்று சொந்தத்துக்குள்ளேயே முடித்துவிடுகிறார்கள். அந்த மாமனுக்கோ முறைப் பையனுக்கோ ஹீமோஃபீலியா இருந்து, பெண்ணிடமும் பழுது இருந்தால், பிறக்கும் ஆண் குழந்தைக்கு மட்டுமல்ல, பெண் குழந்தைக்கும் பாதி வாய்ப்பில் ஆணுக்கு வருவது போன்ற முழு நோயே வரும். மறைத்ததால் வந்த பலன் இது. தெரிந்தவர்களுக்கோ வழிகள் உண்டு. கருவிலேயே சோதித்துப் பார்க்கலாம். பாலறியும் சோதனையைத் தடுக்கும் 1994-ஆம் வருஷச் சட்டம், பால் வழியாக வரும் பரம்பரை நோய்களுக்காக அனுமதி வைத்திருக்கிறது. சோதித்த பின் என்ன செய்வது என்பதை அந்தத் தம்பதிகள் முடிவு செய்யட்டும். அதில் எனக்கோ, பந்தியில் உட்கார்ந்த பெரியவருக்கோ வேலை இல்லை.

பழியைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த நோயுள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரின் வீட்டில் முன்னோர் யாருக்கும் அது இருந்திருக்காது. ஜீன் புதிதாகப் பழுதாகிறது. கடுமையான ஹீமோஃபீலியா ஏ உள்ளவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களிடம் காணப்படும் ஒரு பழுதை 1993-ல் கண்டுபிடித்தார்கள்: ஜீனின் ஒரு பகுதி தலைகீழாகத் திரும்பிக்கொள்கிறது. அது எங்கே உண்டாகிறது? அனேகமாக எப்போதும் ஆணின் விந்தணுவில். அதாவது, பேரனைப் பிடித்த பழுது பெரும்பாலும் தாய்வழித் தாத்தாவிடமோ அவருக்கும் முந்திய ஒரு பாட்டனிடமோ உண்டாகி, மகளின் தலையில் இறக்கப்பட்டது. "உன் ரத்தம்தானே என் பேரனைக் கெடுத்தது" என்று மருமகளைக் குத்துகிற மாமியார்கள் இதை ஒரு தடவை யோசிக்கட்டும். யாரையும் குற்றவாளியாக்க இதை நான் சொல்லவில்லை. பழி சுமத்தியே தீர வேண்டும் என்றால் பங்கு பிரித்தாவது சுமத்துங்கள் என்கிறேன்.

உடாகோ ஒகமோட்டோ என்ற ஜப்பானியப் பெண் வைத்தியரைப் பற்றி நம் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பிரசவத்தில் ரத்தப் பெருக்கால் தாய்மார்கள் சாவதைப் பொறுக்காமல், அவரும் அவர் கணவரும் ஆராய்ந்து டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற மருந்தை 1962-ல் வெளியிட்டார்கள். விலை குறைந்த மருந்து. நம் பெண்களின் மாதாந்தரப் பெருக்குக்கும் அது பயன்படுகிறது. ஆனால் அவர் எந்தத் தாய்மார்களுக்காகத் தேடினாரோ, அவர்களிடம் அது பயன்படுகிறதா என்று 20,000-க்கு மேற்பட்டவர்களை வைத்துப் பெரிய ஆய்வு நடந்து, ரத்தப் பெருக்குச் சாவைக் குறைக்கிறது என்று முடிவு வெளிவந்தது 2017-ல்! ஐம்பத்தைந்து வருஷம். ஒகமோட்டோ அம்மையார் 2016-லேயே காலமாகிவிட்டார். பெண்ணின் ரத்தம் என்றால் உலகத்துக்கு இவ்வளவு நிதானம்.

2025 ஏப்ரல் 17, உலக ஹீமோஃபீலியா தினத்தை இந்தப் பெண்களுக்கென்றே ஒதுக்கினார்கள். பெண்களுக்கும் ரத்தம் ஒழுகுகிறது என்பதே அந்த வருஷத்து முழக்கம். இவ்வளவு சாதாரண உண்மையை முழக்கமாகப் போட வேண்டியிருக்கிறதே என்று வெட்கப்பட்டால் அது நல்ல வெட்கம்.

நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. ஒரு பையனுக்கு ஹீமோஃபீலியா என்று எழுதும் வைத்தியர், அதே தாளில் அவன் தாய், சகோதரிகள், சித்தி, பெரியம்மா பெயர்களையும் எழுதட்டும். ஒவ்வொருவருக்கும் புரத அளவை ஒரு முறை பார்க்கட்டும். சாதாரண உறைவுச் சோதனை இவர்களிடம் பல சமயம் சரியாகவே காட்டும். அதை நம்பி அனுப்பிவிட வேண்டாம். அளவு சரியாக இருப்பவளிடமும் ஜீன் பழுது இருக்கலாம்; அதற்குத் தனிச் சோதனை உண்டு. பையன் கையில் கொடுக்கிற அட்டையை அவளுக்கும் கொடுக்கட்டும், பல் பிடுங்கும்போதும் பிரசவத்தின்போதும் காட்டுவதற்கு. சட்டத்தின் அட்டவணையில் அந்த ஒரு வரியைத் திருத்தட்டும். பந்தியில் தீர்ப்புச் சொல்லும் பெரியவர்கள், தயவுசெய்து, சாப்பிட்டுவிட்டு எழுந்து போகட்டும்.

இந்த ஊர்ப் பெயரோடு சேர்த்துப் பூதப்பாண்டியன் என்ற பழைய அரசனின் பெயரைச் சொல்வார்கள். அவன் இறந்தபோது அவன் தேவி பெருங்கோப்பெண்டு தீயில் இறங்கினாள். தடுத்த சான்றோரை அவள் கடிந்துகொண்ட பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. அவளை மெச்சி மெச்சி நமக்கு அலுக்கவில்லை. எனக்கு அந்தப் பாட்டில் நினைவில் நிற்பது வேறு விஷயம். அன்றைக்குத் தடுப்பதற்காவது சான்றோர் சிலர் வந்தார்கள். சத்தமில்லாமல் மாதத்துக்குப் பத்து நாள் ரத்தத்தை இழந்துகொண்டு, தனக்கு ஒரு சூக்கேடும் இல்லை என்று சொல்கிற இந்த அம்மாளிடம், "இல்லை அம்மா, உங்களுக்கும் இருக்கிறது" என்று சொல்ல இன்றுவரை ஒருவரும் வரவில்லை.

நான் சொன்னேன். அவர் நம்பவில்லை. ஆனாலும் நான் புறப்படும்போது, மகனின் நோட்டுப் புத்தகத்தைப் பின்புறமாகத் திருப்பி, காலியாக இருந்த கடைசிப் பக்கத்தில் தம் மகளின் பெயரை எழுதினார். தம் பெயரை எழுதவில்லை. அதை அடுத்த முறை போகும்போது எழுதச் சொல்ல வேண்டும்.